அர்ச். யோசேவாஸ் முனிவர் – கூலியாள் வேடத்தில் வந்த மேய்ப்பர்



ஒரு பங்கிலே குருவானவர் இல்லாமற் போனால், அந்தப் பங்கு எத்தனை நாள் தாங்கும்? இரண்டு ஞாயிறு பூசை இல்லை என்றாலே நம்மில் சிலருக்குக் கோவிலுக்கு வரும் வழி மறந்து போகிறது. இலங்கைத் தீவிலே நம் முன்னோர் 29 வருடகாலம் அனேகமாய் ஒரு குருவானவரையும் காணாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். பூசை என்பதைக் கண்ணால் பார்த்திராது. அப்படிப்பட்ட மக்களைத் தேடிக் கடல் கடந்து வந்து, சந்தித்து, திடப்படுத்திய ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் எழுதுகிறேன். அவரைப்பற்றி எழுதும்போது, அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட வீட்டாரைப்பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. அவரைப் புகழ்ந்துவிட்டு அவர்களை மறப்பது நியாயமல்ல.

முதலில் அக்காலத்து நிலைமையைச் சொல்லுகிறேன். போர்த்துக்கேயர் கையிலிருந்த கொழும்பை ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிலும், மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் 1658ஆம் ஆண்டிலும் பிடித்தார்கள். ஒல்லாந்தர் கல்வீனிய சபையார். கத்தோலிக்கரென்றால் போர்த்துக்கேயரின் ஆட்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆதலால் குருக்கள் யாவரையும் தீவைவிட்டுத் துரத்தினார்கள். குருவானவரை வீட்டில் ஒளித்து வைப்பவனுக்கு மரண தண்டனை என்று அந்த 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. நம் கோவில்கள் அவர்களுடைய பாதிரிமார் கையிற் போயின. கோவிலுக்கு அருகே பள்ளிக்கூடம்; பள்ளிக்கூடத்திலே தோம்பு. அந்தத் தோம்பில் பெயர் ஏறினால்தான் பிள்ளை பிறந்ததற்கும், கலியாணம் நடந்ததற்கும் அத்தாட்சி. காணி பூமிக்கு உரிமை கேட்கவும், அரசாங்க உத்தியோகம் பெறவும் அது வேண்டும்.

இந்தப் பொறியிலே அகப்பட்ட குடும்பங்கள் என்ன செய்தன? பலர் பிள்ளையைப் பாதிரியிடம் கொண்டுபோய்த் தோம்பில் எழுதுவித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். வெளியே ஒரு மதம், உள்ளே ஒரு மதம். இதைக் கோழைத்தனம் என்று இங்கே நாற்காலியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் சோற்றையும் ஆத்துமத்தையும் ஒரே தராசில் வைக்கும்படி நம்மை எவரும் இன்னும் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் அதற்கும் இணங்காமல் ஊரையே விட்டுக் காட்டுக்குள் போனார்கள். மாந்தையிலிருந்த தேவமாதாவின் சுரூபத்தை 1670ஆம் ஆண்டளவில் சில குடும்பத்தார் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டிலே குடியேறினார்கள் என்பது பாரம்பரியம். இன்று மடு மாதா என்று நாம் கைகூப்பும் சுரூபம் அதுதான்.

குருவானவர் இல்லாவிட்டாலும், அவசரத்தில் எந்தக் கிறீஸ்தவனும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாட்சிகளின் முன் விவாக வார்த்தைப்பாடும் கொடுக்கலாம். பாவத்துக்காக உத்தம மனஸ்தாபப்படலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவப்பொறுத்தல் கொடுக்க ஆளில்லை. திவ்விய நற்கருணை இல்லை. சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. செபங்களை மூப்பர்மார் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். நெருப்பு அணையவில்லை, சாம்பலுக்குள்ளே கிடந்தது.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. அங்கேதான் நம் யோசேவாஸ் பிறந்தார்: 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், பெனோலிம் என்னும் ஊரிலே, அவருடைய தாயார் வீட்டில். கொங்கணி பேசும் கத்தோலிக்கப் பிராமணக் குடும்பம். கோவாவில் படித்து 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். குருவானது முதல் செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினார் என்பார்கள். மறுவருடம், 1677ஆம் ஆண்டு, தேவமாதாவுக்குத் தம்மை அடிமையென்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிறகு கன்னட நாட்டுக்கு அனுப்பப்பட்டு மூன்று வருடம் உழைத்தார். அங்கே குருக்களுக்குள் அதிகாரச் சச்சரவு பலமாக இருந்தது. போர்த்துக்கல் அரசரின் உரிமையா, உரோமையிலிருந்து நேரே வந்த அதிகாரமா என்ற அந்தப் பழைய வழக்கைக் குருமடத்தில் படித்தபோதே எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்கு அது வேண்டாம். யோசேவாஸ் அந்தச் சண்டையிலே பொறுமையை இழக்கவில்லை என்பது போதும்.

அக்காலத்திலே சந்நியாச சபைகள் சுதேசிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகையால் கோவாவின் சுதேச குருக்கள் சிலர் தாங்களே ஒன்றுகூடி வாழ்ந்தார்கள். 1685ஆம் ஆண்டில் யோசேவாஸ் அவர்களுடன் சேர்ந்தார். அர்ச். பிலிப்பு நேரியாருடைய முறையைத் தழுவிய அந்தச் சிறு சபைக்கு அவரையே தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். ஐரோப்பியர் தங்கள் சபைகளிலே சேர்க்க மறுத்த அந்த நிறத்தையே ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார். வெள்ளைத் தோலுடைய குருவானவர் யாழ்ப்பாணக் கரையிலே கால் வைத்தால் காவற்காரன் உடனே பிடிப்பான். மெலிந்த, கறுத்த, வெறுங்கால் மனிதனைக் கூலியாள் என்று விட்டுவிடுவான்.

1686ஆம் ஆண்டிலே தலைமைப் பதவியை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் இளைஞர் அவருக்குத் துணை. கரையோரமாகத் தெற்கே தலைச்சேரி, கொல்லம் என்று இறங்கி, தூத்துக்குடிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடமாயிற்று. தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் கையில். குருவானவருடைய அங்கியைக் கழற்றி வைத்து இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். பூசைக்கு வேண்டிய சாமான்களை மூட்டைக்குள் மறைத்துக்கொண்டு, 1687ஆம் ஆண்டு பாஸ்குக் காலத்திலே தோணி ஏறினார்கள். புயல் தோணியை அலைக்கழித்து மன்னார்ப் பக்கம் ஒதுக்கிற்று. அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலே கோட்டையும் பட்டாளமும் இருந்தன.

வந்தவுடன் அவர் செய்த முதற்காரியம் பிரசங்கமல்ல, நோயில் விழுந்தார். கடல் துன்பமும் பசியும் சேர்ந்து இரத்தபேதி கண்டது. தொற்றுநோய் என்று பயந்து ஊரார் ஒதுக்கினார்கள். ஒரு பெண்பிள்ளை தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாய் அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அவருக்கு மட்டுமல்ல, உடன் வந்த யோவானுக்கும் சுகமில்லை. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் இலங்கைத் திருச்சபையின் சரித்திரம் அங்கேயே வேறுவிதமாய்ப் போயிருக்கும். அந்தத் தாயின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுந்து நடக்கத் திராணி வந்தபின் பெரிய சங்கடம் ஒன்று. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். அவர்களும் அதே பயத்தில் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் அனுப்பிய வேவுகாரனாய் இருந்தால் என்ன செய்வது? யோசேவாஸ் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். பிச்சை கேட்க மட்டும் வாயைத் திறந்தார். யார் முகம் அந்த மாலையைக் கண்டு மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே போனார். சிலர் கண்டும் காணாதவர்போல் இருந்தார்கள். சிலர் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். நாட்கள் சென்றன. கடைசியிலே ஒரு வீட்டிலே துணிந்து கேட்டார்கள். தாம் குருவானவர் என்று அவர் சொன்னார். இரவில் அந்த வீட்டிலே பூசை நடந்தது. அங்கே இருந்த கிழவர் கிழவிகள் எத்தனை வருடத்துக்கு முன் நன்மை வாங்கியவர்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பட்டணத்திலே நெடுநாள் இருப்பது ஆபத்து என்று கண்டு, விசுவாசிகள் அவரைச் சில்லாலைக்கு அழைத்துப் போனார்கள். அது கத்தோலிக்கர் திரளாயும் உறுதியாயும் இருந்த கிராமம். அங்கே தங்கித் தமிழை நன்றாய்க் கற்றார். பகலில் கூலியாளாகவோ பிச்சைக்காரனாகவோ திரிவார், இருட்டினதும் குருவானவர். முன்னதாக இரகசியமாய்ச் சொல்லி அனுப்பிய வீட்டிலே சனங்கள் ஒருவர் ஒருவராய் வந்து கூடுவார்கள். முதலில் பாவசங்கீர்த்தனம், அதிலேயே பாதி இரவு போய்விடும். பிறகு ஞானஸ்நானங்கள், விவாகங்களுக்கு ஆசீர்வாதம், விடியுமுன் பூசை. பிறகு வெறுங்காலோடு அடுத்த ஊர். அவர் சந்திக்க வந்தது புதிய சனங்களை அல்ல. ஏற்கெனவே விசுவாசத்தைக் கையில் வைத்திருந்தவர்களை. அவர்கள் கையில் இல்லாததை மட்டும் அவர் கொண்டுவந்தார்.

தோம்பிலே பெயர் எழுதுவித்து இரண்டு மதமாய் வாழ்ந்தவர்களுக்கும் அவர் வாசலைச் சாத்தவில்லை. மனஸ்தாபப்பட்டு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆனால், இனிமேல் ஒல்லாந்தரின் கோவிலுக்குப் போகாதிருக்க வேண்டும் என்று கற்பித்தார். அதன் விளைவு சீக்கிரமே வெளியில் தெரிந்தது. பாதிரிமாரின் கோவில்களிலே கூட்டம் குறைந்தது. யாரோ ஒரு குருவானவர் நாட்டுக்குள் நடமாடுகிறார் என்று தேசாதிபதியின் ஆட்களுக்கு விளங்கிவிட்டது.

ஒரு கிறீஸ்துமஸ் இரவிலே, விசுவாசிகள் பூசைக்குக் கூடியிருந்த வேளையில், ஒல்லாந்தப் பட்டாளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஏறக்குறைய 300 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சரித்திரம் கூறுகிறது. குருவானவர் மாத்திரம் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முக்கியஸ்தரான எட்டுப்பேரை அவர் இருக்குமிடத்தைச் சொல்லும்படி கொடூரமாய் அடித்தார்கள். கல்வீனிய சபையைவிட்டுத் திரும்பி வந்திருந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியிலே உயிர்விட்டார். மற்ற ஏழுபேரும் சிறையிலும் கட்டாய வேலையிலும் தங்கள் நாட்களைக் கழித்தார்கள்.

இங்கே சற்று நிற்கவேண்டும். ஒரு மேய்ப்பர் மந்தையைச் சந்திக்க வந்தார்; மந்தைக்கு அடி விழுந்தது. மேய்ப்பர் தப்பினார். அவர் வராதிருந்தால் இந்த எட்டுப்பேரும் தங்கள் வீட்டில் நிம்மதியாய் இருந்திருப்பார்கள் அல்லவா? இந்தக் கேள்வி அந்த முனிவரின் மனதைக் குத்தாமல் இருந்திருக்காது. குருவாயிருக்கும் எனக்கு இதை வாசிக்கும்போது குத்துகிறது. தம்மை ஒப்புக்கொடுத்தால் அவர்களை விடுவார்களா என்று எண்ணிப் பார்த்திருப்பார். ஆனால் அப்போது தீவு முழுவதற்கும் வேறு குருவானவர் இல்லை. அந்த எட்டுப்பேர் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவைத் திறந்தபோதே அதன் விலை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். 1658ஆம் ஆண்டின் கட்டளை ஊரறிந்தது. அவர்கள் தெரிந்தே கொடுத்த விலையை வீணாக்காமல் இருப்பதே அவருக்கு மிஞ்சியிருந்த கடமை.

1690ஆம் ஆண்டளவில் அவர் ஒல்லாந்தர் எல்லையைத் தாண்டிப் புத்தளம் சேர்ந்தார். அது கண்டி அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கும் குருவானவரைக் கண்டிராத கத்தோலிக்கர் பலர் இருந்தார்கள். 1692ஆம் ஆண்டிலே கண்டி நகரத்துக்கே ஏறிப் போனார். அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் பௌத்தர். கத்தோலிக்கர்மேல் அவருக்குப் பகையில்லை. ஆனால் அரண்மனையிலே செல்வாக்குள்ள, கல்வீனிய மதத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், வருகிறவன் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று முந்திக்கொண்டு கோள் சொல்லிவிட்டார். நகரத்துக்குள் நுழையுமுன்பே பிடித்துச் சிறையில் போட்டார்கள். முதல் நாட்களில் சோறும் கிடைக்கவில்லை.

சிறையிலே அவர் சும்மா இருக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது ஒரு சிறு குடிசையைக் கோவிலாக்கிப் பூசை செய்தார். கைதியைப் பார்க்கிற சாக்கிலே கண்டியிலிருந்த கத்தோலிக்கர் வரத் தொடங்கினார்கள். இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் நாட்டிலே மழையில்லாமற் போயிற்று. வயல் வெடித்தது. எல்லா வழிபாடுகளும் செய்து பார்த்தபின் அரசர் இந்தக் கைதியையும் செபிக்கச் சொல்லி அனுப்பினார். வெளியிலே ஒரு பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழங்காலில் நின்று மன்றாடினார். மழை கொட்டிற்று, அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்று பாரம்பரியம் சொல்லுகிறது. அரசர் அவரை விடுதலையாக்கி, தம் நாடெங்கும் நடந்து போதிக்க உத்தரவு கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. ஒரு பௌத்த அரசர் கொடுத்த அந்தச் சுயாதீனம், கிறீஸ்தவர் என்று பெயர் கொண்ட ஒல்லாந்தரிடத்தில் கிடைக்கவில்லை.

விடுதலை கிடைத்தபின் அவர் கண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மறுபடியும் வேடம் மாறி ஒல்லாந்தர் நாட்டுக்குள்ளே இறங்கினார். கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இரகசியமாய்ப் போய் விசுவாசிகளைச் சந்தித்தார். கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கை முழுவதற்கும் தமது விக்கார் ஜெனரலாக நியமித்தார். பெயர் பெரியது, சாப்பாடு அதே பிச்சைச் சோறு.

1696ஆம் ஆண்டளவில் கோவாவிலிருந்து முதல் துணைக் குருக்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய மருமகன் சங். யோசேப்பு கர்வாலோ. ஒன்பது வருடம் தனியே நின்ற மனிதனுக்கு, பாவசங்கீர்த்தனம் கேட்க இன்னொரு குரு கிடைத்தார். ஆறுதல்பட நேரமில்லை. 1697ஆம் ஆண்டிலே கண்டியில் அம்மைநோய் பரவிற்று. அரசர் நகரத்தைவிட்டு வெளியேறினார். சொந்த வீட்டாரே நோயாளிகளைக் காட்டிலும் தெருவிலும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஓடினார்கள். யோசேவாஸும் கர்வாலோவும் அவர்களுக்குக் கொட்டகை போட்டார்கள்; கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள்; புண்ணைக் கழுவினார்கள். செத்தவர்களுக்குத் தங்கள் கையாலேயே குழி வெட்டினார்கள். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குடிசையிலே தாம் குடித்த கஞ்சியை அவர் அப்போது நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நோய் தணிந்து அரசர் திரும்பியபோது, இந்தக் குருக்கள் இல்லாவிட்டால் தெருவெல்லாம் பிணமாயிருக்கும் என்று கேள்விப்பட்டார்.

மேலும் குருக்கள் வந்தபின் தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்படைத்தார். ஆனாலும் குருக்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஓர் ஊருக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவைதான் போகமுடியும். மிச்ச நாளெல்லாம் அந்த ஊர் மூப்பர் கையில். மூப்பர் ஞாயிற்றுக்கிழமையிலே சனங்களைச் சேர்த்துச் செபம் நடத்துவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். அவசர ஞானஸ்நானம் கொடுப்பார். குருவானவர் வந்தவுடன் எல்லாவற்றையும் கணக்கொப்பிப்பார். செபங்களையும் உபதேசத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தது இதற்காகத்தான். 1705ஆம் ஆண்டில் வந்த சங். சாக்கோமே கொன்சால்வெஸ் இந்த எழுத்துவேலையைத் தொடர்ந்து பெரிதாக்கினார். தேவ அருள் வேத புராணம் அவர் எழுதிய தமிழ் நூல்.

அந்த நாட்களிலே பரிசுத்த பாப்பரசரின் தூதுவராய்ப் புதுச்சேரிக்கு வந்திருந்த தெ தூர்னோன் ஆண்டவர் இவருடைய உழைப்பைக் கேள்விப்பட்டு, மேற்றிராணியாராக்க விரும்பினார். யோசேவாஸ் வேண்டாமென்றுவிட்டார்.

1710ஆம் ஆண்டிலே உடம்பு தளர்ந்தது. நோயோடு கண்டிக்குத் திரும்பினார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், 59ஆம் வயதிலே, சக குருக்கள் சூழ ஆண்டவரிடம் போனார். அப்போது இலங்கையில் 70,000 கத்தோலிக்கர் வரை இருந்தார்கள் என்று அவர் சரித்திர நூல்கள் கணக்குச் சொல்லுகின்றன. கண்டிக் கோவிலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பிற்காலத்திலே வேறோர் அரசர் ஆட்சியில் குருக்கள் வெளியேற்றப்பட, அந்தக் கோவிலும் அழிந்தது. அவருடைய கல்லறை எங்கேயென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கரையோரத்திலே ஒல்லாந்தர் ஆட்சி 1796ஆம் ஆண்டில் முடிந்தது. கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்களை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் நீக்கினார்கள். 1658க்கும் 1806க்கும் நடுவே 148 வருடம். அத்தனை காலமும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் இன்று சில்லாலையிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கிற நம் சகோதரர்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலையிலே, அதே கொழும்புக் காலிமுகத் திடலில், அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார். இலங்கைக்கு அவரே முதல் அர்ச்சியசிஷ்டர். அன்று பிற்பகலிலே பாப்பரசர் வடக்கே பறந்து மடுவுக்குப் போனார். மாந்தைக் குடும்பத்தார் காட்டுக்குள் சுமந்து வந்த அந்தச் சுரூபத்தைக் கையிலெடுத்து, யுத்தத்தில் பிள்ளைகளை இழந்து வந்து நின்ற தமிழ், சிங்களக் குடும்பங்களை ஆசீர்வதித்தார்.

அர்ச். யோசேவாஸ் முனிவரின் திருநாள் சனவரி 16.